"போறேன்"னு சொன்ன அக்கா

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தாளாம், எட்டு வயசு. பேரு கடைசில சொல்றேன், இப்ப காலை நீட்டிப் படு. "ம்" கொட்டணும், இல்லன்னா பெரியம்மா நிறுத்திடுவேன்.

"ம்."

அவ காதுக்கு எதையும் ஒதுக்கத் தெரியாது. மிக்சி க்ர்ர்ர், குழாய் டப் டப், ட்யூப்லைட் ங்ங்ங்... எல்லாம் ஒரே நேரத்துல, ஒரே அளவு சத்தமா உள்ள வரும். பட்டுப் பாவாடை சுருக் சுருக்னு குத்தும். கட்டிப் புடிச்சா மூச்சு முட்டும். ஊர்ல அதை அடம்னாங்க. அடமாம் அடம்! அந்தக் காதை ஒரு நாள் மாட்டிக்கிட்டுப் பேசட்டும்.

அப்புறம், சொன்ன வார்த்தை அவளுக்கு சொன்ன வார்த்தைதான். "போறேன்"னு சொல்லக் கூடாதுன்னு நாம "போய்ட்டு வரேன்"னு சொல்றோம்ல? சொல்லிட்டு மறந்துடுவோம். அவ மறக்க மாட்டா.

அப்போ அவ அக்காவுக்குக் கல்யாணம் ஆச்சு. கார்ல ஏறும்போது அக்கா, "போய்ட்டு வரேன்டி"ன்னா. கார் புர்ர்ர்னு போச்சு. இவ வாசப்படில உக்காந்துட்டா. சோறு வேணாம், தண்ணி வேணாம்.

எதிர்வீட்டு மாமா வந்து அதட்டினாரு. காதைப் பொத்திக்கிட்டா. அப்புறம் அத்தை வந்து தூக்கப் பாத்தா. வீல்! அப்புறம் அம்மா வந்து, "அவ புருஷன் வீட்டுக்குப் போயிட்டாம்மா, இப்ப வர மாட்டா"ன்னு அழுதா.

"வரேன்னு சொன்னாளே"ன்னா இவ.

மூணாம் நாள் உடம்பு அனலாக் கொதிச்சுது. தூங்கிட்டியா?

"ம்ஹூம். அப்புறம்?"

அப்பா போன் பண்ண, அக்கா ஓடி வந்தா. கட்டிப் புடிக்கல. ஒரு முழம் தள்ளி உக்காந்தா. தேதி கிழிக்கிற காலண்டரை மடில வெச்சுக்கிட்டு சொன்னா: "தப்பு என்னுதுடி. எப்போன்னு சொல்லாமப் போயிட்டேன். இப்போ நான் போறேன். ஆடி ஒண்ணு, திங்கக்கிழமை, காலைல பத்து மணிக்கு வருவேன்."

"ஐயோ, போறேன்னு சொல்லாதடி!"ன்னு அம்மா பதறினா. இவ எந்திரிச்சுப் போய் மோர் சாதம் கேட்டா.

அப்புறம் தினம் ஒரு தாளா, சர்ர்ர்னு கிழிச்சா. ஆடி ஒண்ணும் வந்துச்சு. அங்க மாமியார், "ஏழரை டு ஒம்போது ராகு காலம், கிளம்பாதே"ன்னாங்க. "ராகு கோச்சுக்கிட்டா சமாதானம் பண்ணிக்கலாம் அத்தை, அங்க ஒருத்தி வாசல்ல நிப்பா"ன்னு அக்கா பஸ் ஏறிட்டா.

பத்து மணிக்கு வாசல்ல இவ. சிரிக்கல, ஓடி வரல. கடிகாரத்தைப் பாத்து "பத்து"ன்னா. படில தள்ளி உக்காந்து அக்காவுக்கு எடம் விட்டா. அந்த எடத்துக்கு ஈடா எனக்கு எதுவும் இல்லடி.

"உனக்கா? அந்த அக்கா நீயா? அப்போ அவங்க... வடிவுச் சித்தியா?"

சித்தியேதான். நாளைக்கு நீ ஊருக்குக் கிளம்பும்போது அவகிட்ட என்ன சொல்லுவ?

"நான் போறேன் சித்தி. போகிப் பண்டிகை அன்னிக்கு... சாயங்காலம் அஞ்சு மணிக்கு வருவேன்."

வரணும். அஞ்சுன்னா அஞ்சு. கதை வீடு வந்து சேந்துடுச்சு, கண்ணை மூடு.