தென்காசிக்கு ஒரு டிக்கெட்

முந்தாநாளிலிருந்து மழலையர் வகுப்பில் பஸ் ஓடவில்லை.

பஸ் என்றால் வேறொன்றுமில்லை, இரண்டிரண்டாகப் போட்ட குட்டி நாற்காலிகள். முன்னால் ஒரு தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு ஆஷிக் உட்காருவான். அவன் வாய்தான் இன்ஜின், அவன் வாய்தான் ஹாரன். கண்டக்டர் முத்தரசி, நாலரை வயசு. "உள்ள போ, உள்ள போ! அங்க என்ன, உங்க வீட்டுப் படியா அது?" என்று அவள் அதட்டினால் நிஜக் கண்டக்டரே ஒதுங்கி நிற்பார். யார் எந்த ஊர் கேட்டாலும் துண்டுக் காகிதத்தில் க்ரேயானால் வளைத்து வளைத்துக் கிறுக்கி, "சில்லறையா குடு" என்று நீட்டுவாள்.

அந்த டிக்கெட்டுகளில், சிவகாசிக்கு என்று அவள் கொடுத்த ஒன்றை தேவசகாயம் சார் வாங்கிப் பார்த்ததுதான் வினை.

சார் பெரிய பிள்ளைகளுக்கு வருஷக்கணக்காகத் தமிழ் நடத்தியவர். இந்த ஜூனில் மழலையர் வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். வயதில் தன்னைவிடச் சின்னவரான மும்தாஜ் டீச்சரிடம் வேலை பழக வந்திருந்தார். கிறுக்கலை அடித்துவிட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் 'சிவகாசி' என்று அழகாக எழுதினார். "இப்படி எழுதணும் கண்ணு" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

முத்தரசி க்ரேயானைக் கீழே வைத்தாள். அப்புறம் எடுக்கவே இல்லை. பூ வரையச் சொன்னாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்குத் தெரியாது" என்றாள்.

"டிக்கெட் இல்லாம வண்டி எடுத்தா செக்கிங்ல மாட்டுவோம்" என்று ஆஷிக்கும் இன்ஜினை நிறுத்திவிட்டான்.

சாருக்குச் சோறு இறங்கவில்லை. களிமண் பிசைந்துகொண்டிருந்த மும்தாஜ் டீச்சரிடம் போய் நின்றார்.

"டீச்சர், அந்தப் பிள்ளையை மறுபடி எழுத வைக்கணும். என்ன பண்ணட்டும்?"

"நீங்க எங்கேயாவது போகணுமா சார்?"

"நானா? எங்க?"

"போகணும் போகணும்னு நினைச்சு, போகாமலே இருக்கிற ஊரு ஏதாவது?"

சார் டீச்சர் கையிலிருந்த களிமண்ணைப் பார்த்தார். பிறகு, "தென்காசி" என்றார்.

"அப்ப ஸ்டாப்புல போய் நில்லுங்க."

ஆறடி மனிதர் குட்டி நாற்காலிகளுக்குப் பக்கத்தில் போய்க் கூச்சத்தோடு நின்றார். "கண்டக்டரம்மா, தென்காசி ஒண்ணு."

"இது டிப்போவுக்குப் போற வண்டி" என்றாள் முத்தரசி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"அடுத்த வண்டி?"

"அதுவும் டிப்போ."

"சாருக்கு ஃப்ரீ கிடையாது! பொம்பளைங்களுக்குத்தான் ஃப்ரீ!" என்று கத்தினான் ஆஷிக்.

"நீ ரோட்டைப் பாருடா" என்றாள் முத்தரசி. சார் நகரவில்லை. அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். "தென்காசியில யாரு இருக்கா?"

"என் மக."

"அவங்க இங்க வர மாட்டாங்களா?"

"வராதேன்னு நான்தான் சொல்லிட்டேன்."

"ஏன்?"

"கோவம்."

"இப்பவும் கோவமா?"

"இல்ல கண்ணு. இப்ப பாக்கணும்போல இருக்கு."

முத்தரசி அவரைக் காலிலிருந்து தலைவரை அளந்தாள். பின்னால் கட்டியிருந்த கை மெல்ல முன்னால் வந்தது. பச்சை க்ரேயானை எடுத்தாள். துண்டுக் காகிதம் போதாது என்று தோன்றியிருக்க வேண்டும், முழுத்தாளையே உருவிக்கொண்டாள். நாக்கு லேசாக வெளியே எட்டிப் பார்க்க, பச்சைக்கோடு வளைந்து நெளிந்து ஓரம்வரை ஓடியது. அடுத்த வரிக்கு இறங்கியது. மறுபடி ஓடியது. ஆஷிக் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தான்.

"இந்தாங்க."

சார் இரண்டு கையாலும் வாங்கினார். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்ன எழுதியிருக்கு தாயி?"

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதா சார்?" அவள் நிஜமாகவே பரிதாபப்பட்டாள். கிட்டே வந்து, முதல் வரியின் தொடக்கத்தில் விரலை வைத்து, கோடு போன வழியே நகர்த்திக்கொண்டு படித்தாள்.

"இவரு தென்காசி. பாதியில இறக்கி விட்டுடாதீங்க. தூங்கிட்டா எழுப்புங்க. அவரு மக வீட்டு வாசல்ல நிப்பாட்டணும்."

விரல் கடைசி வளைவில் நின்றது.

"டுர்ர்ர்ர்" என்றான் ஆஷிக். மற்ற பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள்.

சார் தாளோடு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், இதுல ஒரு எழுத்துகூட இல்ல."

"ம்."

"ஆனா ஒண்ணும் விட்டுப்போகல."

டீச்சர் கையிலிருந்த களிமண்ணைத் தட்டிவிட்டார்.

"இனிமே இவளுக்கு நான் என்னத்தைச் சொல்லிக்கொடுக்க?" என்றார் சார்.

"அதை இறங்கின பிறகு பேசிக்கலாம் சார்" என்றார் டீச்சர். "முதல்ல ஏறி உக்காருங்க. வண்டி உங்களுக்காகத்தான் நிக்குது."