இரும்புப் பாலம் கையைத் தூக்கிய கதை

அந்தக் காலத்தில் இரும்புக்கு வாய் இருந்தது. வாய் இருந்ததால், தனக்கு நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்லும்.

முதலாவது, மலைக்குள் தன் பாட்டுக்குக் கிடந்ததை ஒரு வார்த்தை கேட்காமல் தோண்டினார்கள். இரண்டாவது, உலையில் போட்டு உருக்கினார்கள். மூன்றாவது, சம்மட்டியால் அடித்து நீட்டினார்கள். நான்காவது, வாளாக்கினார்கள், வெட்டுப்பட்டவன் யாரென்று சொல்லவில்லை. ஐந்தாவது, சங்கிலியாக்கினார்கள், எவன் காலுக்கு என்று சொல்லவில்லை. ஆறாவது, பூட்டாக்கி நெல் களஞ்சியத்தில் தொங்கவிட்டார்கள். வெளியே பசித்து நின்றவர்கள் யாரென்றும் சொல்லவில்லை.

"பாவமெல்லாம் என் கையால் நடந்தது. ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது" என்று இரும்பு சொல்லும். இதைக் கேட்டு வெட்கப்பட வேண்டியவர்கள் யாரும் வெட்கப்படவில்லை.

ஏழாவதாகத்தான் பாலம் வந்தது.

ஒரு பக்கம் கரை, எதிரே தீவு, நடுவே கடல். அதன்மேல் ரயில் ஓட்டுவது என்று பெரிய துரை ஒருவர் முடிவு செய்தார். தண்ணீர் மேல் ரயில் என்றதும் சுற்றுவட்டாரம் முழுதும் திரண்டு வந்தது. இரும்புக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. யாரையும் வெட்டாத, கட்டாத, பூட்டாத வேலைக்கு அதை அழைத்தது அதுதான் முதல் தடவை.

கடலுக்குள் தூண்கள் எழுந்தன. ஒருவன் ஆணியைப் பழுக்கக் காய்ச்சிக் கிடுக்கியால் வீசுவான். உயரத்தில் நிற்பவன் தகர வாளியில் பிடிப்பான். இன்னொருவன் துளையில் செருகி அடிப்பான். ஆணி ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது இரண்டு தகடுகளையும் சேர்த்து இறுக்கிக்கொள்ளும். நாள் முழுக்க நெருப்புப் பூக்கள் பறந்தன. கரையிலிருந்து ஒரு கை, தீவிலிருந்து ஒரு கை என்று இரண்டு இரும்புக் கைகள் நடுக்கடலை நோக்கி நீண்டன. நுனியைத் தாங்கக் கீழே ஒன்றும் இல்லை. அவை கவிழ்ந்துவிடாமல் இருக்க, பின்னால் குதிகாலில் கல் நிரப்பிய பெட்டிகளை ஏற்றினார்கள். தராசு போல முன்னும் பின்னும் சமமாக நின்றன.

நுனியோடு நுனி தொட்ட இரண்டு கைகளையும் கோத்து, கடைசி ஆணிகளை அடிக்கும் நாள் வந்தது. பாலத்தின்மேல் கூட்டம். துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி வேலாயுதம் சம்மட்டியோடு நின்றார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தோணிக்காரன் கருமலையானின் மனைவி நம்பாயி வந்தாள்.

"மேஸ்திரியாரே, இத மூடிட்டா தோணி எப்படிப் போகும்?"

"எந்தத் தோணி?"

"கடல்ல ஓடுற தோணிதான். மாட்டுவண்டியப் பத்தியா கேப்பேன்?"

"அளந்தப்போ ஒரு தோணியும் இல்லையேம்மா. வரைபடத்துல கடல் காலியாத்தான் இருக்கு."

"வாடைக் காத்து மாசத்துல வந்து அளந்திருப்பிய. அப்ப எல்லாத்தையும் கரையேத்திக் கவுத்துப்போட்டு, தண்ணி புகாம கீல் பூசிக்கிட்டு இருப்போம். நாங்க தூங்குறப்ப வந்து பாத்துட்டு, இந்த ஊர்ல யாருக்கும் கண்ணே இல்லைன்னு எழுதிக்கிட்டுப் போவியளா?"

கூட்டம் சிரித்தது. மேஸ்திரிக்கும் சிரிப்பு வந்தது. துரை பார்த்ததும் விழுங்கிக்கொண்டார். அவள் சொன்னதில் பிசகில்லை. அவர்கள் அளக்க வந்தது அந்த மாதத்தில்தான். வெறும் கடலைப் பார்த்து, பாய்மரம் நுழைய முடியாத உயரத்தில் பாலத்தைப் போட்டுவிட்டார்கள்.

விஷயம் துரையின் காதுக்குப் போயிற்று. "பாய்மரத்தைக் குட்டையாக வெட்டிக்கொள்ளச் சொல்" என்றார்.

"மொதல்ல அவரு தொப்பிய வெட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க" என்றாள் நம்பாயி.

அப்போது ஒரு நீர்க்காகம் பறந்து வந்து இரும்புக் கையின் நுனியில் உட்கார்ந்தது. அதற்கு மூச்சு வாங்கியது.

"நம்பாயி அக்கா, வடக்கே கடல் கறுத்துப்போச்சு. பருவத்துக்கு முந்தியே வாடை எழும்பிருச்சு. தோணியெல்லாம் தெக்குக் கடல்ல ஒதுங்குறதுக்கு இந்த வழியாத்தான் ஓடியாருது."

"முன்னால வர்ற தோணியில யாரு?"

"சுக்கான்ல ஒரு வழுக்கைத் தலை தெரிஞ்சுது."

"அது அவருதான்" என்றாள் நம்பாயி.

எல்லோரும் வடக்கே பார்த்தார்கள். பாய்கள் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் மழை ஒரு சுவராக நகர்ந்து வந்தது. நடுவழி இப்படியே மூடிக் கிடந்தால் அத்தனை தோணிகளும் தூண்களில் மோதிச் சிதறும்.

"காற்று வருமுன் கோத்துவிடு" என்றார் துரை. "கோக்காத கை காற்றுக்குத் தாங்காது."

சிவந்த ஆணி வாளிக்குள் வந்து விழுந்தது. மேஸ்திரி அதைக் கிடுக்கியால் எடுத்தார்.

"வேலாயுதம், கொஞ்சம் பொறு" என்றது இரும்பு.

"பொறுக்க நேரமில்ல. ஆணி ஆறிரும். துரை பாக்குறாரு."

"பார்க்கட்டும். எனக்கு ஒன்று மட்டும் சொல். நான் யாருடைய வழியை மூடப் போகிறேன்?"

நம்பாயி முன்னால் வந்தாள். "எம் புருசன் தோணிதான்யா அது..."

"நீ சொல்லாதே தாயி. தவிக்கிறவள் சொன்னால் அது கெஞ்சல். மூட வந்தவன் நாலு பேர் கேட்க வாசித்தால்தான் அது உரிமை. தோணியின் முகப்பில் பெயர் எழுதியிருக்கிறது. வேலாயுதத்துக்கு வாசிக்கத் தெரியும். வாளாக, சங்கிலியாக, பூட்டாகப் பெயர் தெரியாமல் மூன்று பாவம் செய்துவிட்டேன். நான்காவதைச் செய்ய மாட்டேன். அவன் பெயரை வாசிக்கும்வரை கோக்கவும் மாட்டேன், அசையவும் மாட்டேன்."

உலகத்தில் நடந்த முதல் வேலைநிறுத்தம் அதுதான். கொடி கிடையாது, கோஷம் கிடையாது. ஒரு பாலம் மட்டும் பிடிவாதமாக நின்றது.

மேஸ்திரி தோணியைப் பார்த்தார், துரையைப் பார்த்தார். கிடுக்கியில் ஆணியின் சிவப்பு மங்கிக்கொண்டிருந்தது. அதை அப்படியே கடலில் போட்டார். சுர்ரென்று புகை எழுந்தது.

"நாளைக்கு உனக்கு வேலை இல்லை" என்றார் துரை.

"இன்னைக்கு இருக்குதுங்களே" என்றார் மேஸ்திரி.

பாலத்தின் விளிம்புக்குப் போய்க் கையைக் குவித்துக்கொண்டார். முகப்பு எழுத்துகளை உப்பு அரித்திருந்தது. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, காற்றுக்கு மேலே குரலை உயர்த்தி, கூட்டம் முழுதும் கேட்க அந்தப் பெயரை வாசித்தார்.

இரும்பு பின்னால் சாய்ந்தது. குதிகாலில் இருந்த கல் பாரம் கீழே இறங்கியது. பாரம் இறங்க இறங்க நுனி மேலே எழுந்தது. கரைக் கையும் தீவுக் கையும் ஒன்றாக வானத்தைப் பார்த்து நிமிர்ந்தன. கூட்டம் ஓரக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டது; துரையின் நாற்காலி உருண்டு போயிற்று. துரையை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள், பாவம். கருமலையானின் தோணி பாய் விரித்தபடி நடுவே நுழைந்தது. பின்னாலேயே மற்றத் தோணிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ந்தன. ஒரு பாய்மரமும் உரசவில்லை. கூட்டம் போட்ட கூச்சலில் இடி கேட்கவில்லை.

"இம்புட்டு நேரமா ஆடி அசைஞ்சு வர்றது?" என்று நம்பாயி மேலிருந்து புருசனை ஏசினாள். ஏசும்போதே அழுதாள்.

காற்று அடித்து ஓய்ந்ததும் இரும்பு மெல்லக் கையை இறக்கியது. "சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இனி என் உடம்பு பேசட்டும்" என்றது. அதற்குப் பிறகு அது வாய் திறக்கவில்லை. பாலம் திறப்பது தன் யோசனைதான் என்று துரை பிற்பாடு கல்லில் வெட்டிக்கொண்டார். வெட்டட்டும். கல்லை நின்று படிக்கிறவர்கள் குறைவு.

அன்று சாய்ந்த சாய்ப்பில்தான் பாலத்தின் குதிகால் வளைந்தது; இன்றும் அந்த வளைவில் உருண்டுதான் கை எழுகிறது. அன்று முதல்தான் இரண்டு கைகளையும் ஆணி அடித்துக் கோப்பதில்லை. அன்று முதல்தான், காத்திருக்கும் தோணியின் பெயரைக் காவல்காரர் வாசிக்காமல் பாலம் திறப்பதில்லை. நின்ற ரயிலில் இருப்பவர்களும் கீழே தோணியில் இருப்பவர்களும் சாட்சியாகக் கேட்டிருக்க, எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் அன்று மேஸ்திரி வாசித்த பெயரை உரக்க வாசிக்கிறார்: "கருமலையான் தோணி, முத்துநாச்சி."