கையெழுத்துக்காக வட்டமடித்த விமானம்

புளுகில் அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு என்று இரண்டு ரகம் உண்டு. ஆறுச்சாமியின் மச்சான் சென்னியப்பன் இரண்டாம் ரகம். அவருக்குப் பிழைப்பே ஆகாசத்தில்தான். அரசாங்கங்களுக்குப் போர் விமானம் கட்டிக்கொடுத்து, அதைப் பராமரித்தும் கொடுக்கிற ஒரு கம்பெனியில் வேலை. அங்கே அவர் உதிரிபாகங்களை மரப்பெட்டியில் அடுக்கி ஆணி அடிக்கிறவர் என்பது ஆறுச்சாமிக்குத் தெரியும். வெளியில் யாராவது கேட்டால், “பராமரிப்புப் பிரிவே நாந்தானுங்க” என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறுச்சாமி வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். மகள் சிவரஞ்சனிக்கு நிச்சயம். சூலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மதியமே வந்து, சாப்பிட்டு, வெற்றிலையும் போட்டுத் துப்பிவிட்டார்கள். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்ற வேண்டும். தாய்மாமன் தட்டைத் தொட்டுக் கொடுக்காமல் அவர்கள் வழக்கத்தில் நிச்சயமே கிடையாது. அந்தத் தாய்மாமனைத்தான் காணோம்.

வந்தாலும் பயம்தான். ஏற்கெனவே இரண்டு வரன்கள் சென்னியப்பன் வாயாலேயே கெட்டுப்போயிருந்தன. “மாமனே இப்படின்னா பொண்ணு எப்படியோ” என்று எழுந்து போய்விட்டார்கள். இந்தப் பையனை மகளுக்கு மனசாரப் பிடித்திருந்தது. “அப்பா, மாமாவ மட்டும் பேச உட்றாதீங்க” என்று காலையிலேயே கண்ணில் தண்ணீரோடு கேட்டிருந்தாள். பாவம், காற்றைக் கட்டிப்போடச் சொன்னாள்.

நாலு மணிக்குச் சென்னியப்பன் வந்தார். வேர்த்து விறுவிறுத்து, இரண்டு கையிலும் கிரீஸோடு. சங்கிலி அறுந்த மொபட்டை அவர் தள்ளிக்கொண்டு வந்ததை எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்தாயிற்று.

“ஏனுங்க, வண்டி மக்கர் பண்ணிருச்சுங்களா?” என்று மரியாதையாகத்தான் கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா கிட்டுசாமி. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

“வண்டிங்களா? அட, நீங்க ஒண்ணு! வர்ற வழியில ஒரு அரசாங்கம் புடிச்சு நிறுத்திருச்சுங்க.”

“எந்த அரசாங்கமுங்க?”

“ராணுவ ரகசியமுங்க. அவிங்க விமானம் பல்லடத்துக்கு மேல பறக்கறப்ப ஒரு போல்ட்டு லூசாயிருச்சு. பைலட்டு போன் போட்டு, ‘அண்ணா, ஆடுதுங்க’ன்னான். ‘ஆடாமப் புடி, வர்றேன்’னேன். இன்னொரு விமானத்துல ஏறிப் போயி, அதோட றெக்கையில உக்காந்து முறுக்கி உட்டுட்டு வர்றேன். அந்தக் கிரீஸுதான் இது.”

மாப்பிள்ளையின் அத்தை தெய்வாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “ஸ்பேனரு?” என்றாள்.

“ஸ்பேனரெல்லாம் புதுசா வேலைக்கு வந்தவிங்களுக்கு அம்மிணி. எனக்கு ரெண்டு வெரலு போதும்.”

ஆறுச்சாமி கடிகாரத்தைப் பார்த்தார். “மச்சான், கையக் கழுவிட்டு வாங்க, தட்டு…”

“இரு மாப்ள. சம்பந்தி ஆசையாக் கேக்கறாருல்ல!”

சம்பந்தி ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகம் கல்லுப் பிள்ளையார் போல் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க ஆறுச்சாமிக்கு அழுகை வந்தது. மூணாவது வரனும் போச்சு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

“நாங்க கட்டுன விமானம் ஒண்ணு இருக்குதுங்க. கெளம்பறதுக்கு முந்தியே போய்ச் சேந்துரும். பைலட்டு பெல்ட்டு மாட்டறதுக்குள்ள சண்டைய முடிச்சுட்டுத் திரும்பி வந்து நிக்கும். பல நாளு பைலட்டு கீழயே நின்னு போயிருக்கறான்.”

கிட்டுசாமி முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். “அத்தன வேகமுன்னா, காசு கட்டுன அரசாங்கமெல்லாம் வருசக்கணக்கா ஏனுங்க காத்துக் கெடக்குது?”

ஆள் மாட்டிக்கொண்டார் என்றுதான் ஆறுச்சாமி நினைத்தார். சென்னியப்பனோ அப்போதுதான் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சம்மணம் போட்டார்.

“விமானம் வேகந்தானுங்க. கையெழுத்துதான் மெதுவு. பராமரிப்புப் பிரிவு கையெழுத்துப் போடாம ஒரு விமானம் அந்த நாட்டு மண்ணத் தொடக்கூடாது. அது எங்க வழக்கம். ஒரு விமானத்த அப்படித்தான் அனுப்பிட்டோம். போய்ச் சேந்துருச்சு. கையெழுத்து ஆகல. எறங்க முடியுமா? மேலயே வட்டமடிச்சுது. பதினோரு வருசம்!”

“பெட்ரோலு?”

“மேல போயி ஊத்திட்டு வருவோமுங்க. சோறு, கொழம்பு, அப்பளம் எல்லாம் போகும். பைலட்டுக்கு வயசாகுதேன்னு பொண்ணு பாத்து, அதையும் மேல அனுப்பி, வட்டமடிச்சுட்டே தாலி கட்டுனான். கொழந்த பொறந்துது. காது குத்து வெச்சோம்.”

தெய்வாத்தாள் விடுவாளா? “காது குத்தறதுக்குத் தாய்மாமன் மடி வேணுமே?”

“அந்தப் பொண்ணுக்குக் கூடப்பொறந்தவிங்க இல்லீங்க. நாந்தான் மேல போயி மடியில வெச்சுக்கிட்டேன். விமானம் வளைஞ்சு திரும்பறப்ப ஆசாரி கரெக்டா குத்துனாரு பாருங்க!”

கிட்டுசாமி மெதுவாகக் கேட்டார். “அந்தக் கையெழுத்து யாரு போடோணுமுங்க?”

“நாந்தானுங்க!” என்று நெஞ்சைத் தட்டினார். வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் கிரீஸாகப் பதிந்தது.

“மேல போனவரு அப்பவே போட்டிருக்கலாமுல்ல?”

சென்னியப்பன் ஒரு தரம் சட்டைப்பையைத் தடவினார். ஒரே தரம்தான்.

“பேனா கீழ இருந்துதுங்க. கம்பெனி பேனாவுலதான் போடோணும். ரூலு.”

கதவுக்குப் பின்னால் சிவரஞ்சனியின் வளையல் சத்தம் கேட்டது. தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். ஆறுச்சாமி கடிகாரத்தைப் பார்க்கவே பயந்தார். அதற்குள் கிட்டுசாமி எழுந்துவிட்டார். போகத்தான் எழுந்தார் என்று ஆறுச்சாமி கையைப் பிசைந்தார். அவரோ நடுக்கூடத்துக்குப் போய், தேங்காய் பழத் தட்டைத் தூக்கிவந்து சென்னியப்பனின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“இத பாருங்க. உங்க கைக்காகப் பதினோரு வருசம் வட்டமடிக்க எம் பையன் விமானமில்ல. இப்பவே அவனுக்கு முப்பத்திமூணு. மேல வந்து ஊத்தவும் ஆளில்ல. பேனா வேண்டாம், கிரீஸு கையே போதும். தொடுங்க.”

சென்னியப்பன் இரண்டு கையாலும் தட்டைத் தொட்டார். வெற்றிலைமேல் கறுப்பாக இரண்டு கட்டைவிரல் தடம் விழுந்தது. தட்டு கை மாறியபோது ராகு காலத்துக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. ஆறுச்சாமி கூச்சமே இல்லாமல் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சென்னியப்பனும் கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

“எங்க கம்பெனியில என்னோட இருபத்தாறு வருச சர்வீசுல, சொன்ன நேரத்துக்குக் கைமாறுன மொத சாமானம் இதுதானுங்க” என்றார்.

அன்றைக்கு அவர் சொன்னதில் இதை மட்டும் ஒருவரும் மறுக்கவில்லை.