ஊத்தடி மன்றத்தார் கர்னலை இளைக்க வைத்த கதை

எங்கள் ஊத்தடியில் அறிவாளிகள் மூன்று பேர், லேப்டாப் ஒன்று. மூன்று பேரும் இளைஞர் மன்ற நிர்வாகிகள். தலைவர் சுடலைமணி, என் பெரியப்பா மகன். செயலாளர் பேச்சிமுத்து. துணைச் செயலாளர் சங்கரபாண்டி. மற்ற இருவரும் சொல்வதற்குத் தலையாட்டுவது அவர் பொறுப்பு.

அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் எங்கள் பெண்கள் கபடி அணியை மாவட்டப் போட்டிக்கு இணையத்தில் பதிய வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகு நான் உருப்படியாகச் செய்வது கபடி ஒன்றுதான். போனிலேயே பதியலாமே என்பீர்கள். மன்றத்துப் பாஸ்வேர்டு அந்த லேப்டாப்புக்கு மட்டும்தான் தெரியும். இவர்கள் மறந்து இரண்டு வருடமாகிறது.

பன்னிரண்டு பெயர், பத்து நிமிட வேலை. காலை ஒன்பதுக்கே போய் நின்றேன்.

"இரு ஏட்டி, லேப்டாப்பு ரொம்ப மெதுவா ஓடுது. மொதல்ல கர்னலை மாத்திருவோம்" என்றார் தலைவர்.

கர்னல் என்பது லேப்டாப்பை ஓட்டுகிற லினக்ஸ் என்ற மென்பொருளுக்குள் உட்கார்ந்து திரை, கீபோர்டு, வைஃபை எல்லாவற்றையும் மேய்க்கிற ஆள். அதை நாமே நம் கணினிக்கு ஏற்றபடி தயாரிக்கலாம், தேவையில்லாததை நீக்கினால் வேகம் கூடும் என்று தலைவர் எங்கேயோ படித்திருந்தார். படிக்காமலே இருந்திருக்கலாம்.

கர்னலில் எதெது வேண்டும் என்று கேட்கிற பட்டியலைச் செயலாளர் வாசிக்க, தலைவர் பதில் சொன்னார்.

"ஹார்ட் டிஸ்க்?"

"அது பொட்டிக்குள்ளதான கெடக்கு. எங்க போயிரப் போவுது? தேவையில்ல."

"வைஃபை?"

"இப்பம் நல்லாத்தான வேலை செய்யுது. கொறையே இல்லாததுக்கு எதுக்குலே எடம்? தேவையில்ல."

"டச் ஸ்கிரீன்? நம்ம லேப்டாப்புல அது கெடையாதே."

"கெடையாதுல்லா? அப்பம் சேத்துக்கோ."

துணைச் செயலாளர் தலையாட்டினார்.

திருநெல்வேலியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற ஜெபராஜ் அண்ணனிடம் போனில் யோசனை கேட்டார்கள். கர்னல் தயாராகி முடிகிற வரைக்கும் யாரும் எழுந்து போய்விடாதீர்கள் என்றாராம். மூவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பேட்டரி பத்து சதவீதத்துக்கு இறங்கியது. சார்ஜர் எட்டடி தள்ளி ஆணியில் தொங்கியது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்திருக்கக் கூடாதே. நான்தான் எடுத்து மாட்டினேன். நான் எழுந்ததால் கர்னலுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று துணைச் செயலாளர் கவலைப்பட்டார். அன்று அவர் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

பதினொன்றரைக்குப் புதுக் கர்னல் கிளம்பியது. கிளம்பிய கையோடு நின்றது. டிஸ்க்கைக் காணோம் என்று கறுப்புத் திரையில் எழுத்து வந்தது.

செயலாளர் ஸ்க்ரூ டிரைவரால் அடிமூடியைக் கழற்றி, டிஸ்க்கை உருவி, திரைக்கு முன்னால் பிடித்தார். "இந்தா இருக்கு. நல்லாப் பாரு."

அது பார்க்கவில்லை. வெளிச்சம் பத்தவில்லை என்று தலைவர் டார்ச் அடித்தார். அப்போதும் பார்க்கவில்லை.

மறுபடி ஜெபராஜ் அண்ணன். பழைய கர்னல் இன்னும் உள்ளேதான் இருக்கிறது, டிஸ்க்கை மாட்டிவிட்டு அதைத் தேர்ந்தெடுங்கள் என்றார். தேர்ந்தெடுத்தார்கள். லேப்டாப் திறந்தது, வைஃபையும் வந்தது. இப்போதே பதிந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். பழைய கர்னலில் பதிந்தால் புதுசுக்கு என்ன மரியாதை என்றார் தலைவர். டிஸ்க்கைச் சேர்த்து மறுபடி தயாரித்தார்கள்.

இரண்டரைக்குப் புதுக் கர்னல் ஒழுங்காகவே ஏறியது. வைஃபை இல்லை. நீக்கினால் எப்படி இருக்கும்? வைஃபைக்கு உள்ளே வர வழி தெரியவில்லை போல என்று முடிவு செய்து, ரூட்டரைத் தூக்கி வந்து கீபோர்டு மேல் வைத்தார்கள். அரை மணி நேரம் காத்தார்கள்.

பிறகு, வைஃபை ஏன் வரவில்லை என்று இணையத்தில் தேடுவதற்காகப் பழைய கர்னலுக்குப் போனார்கள். நெட் பிய்த்துக்கொண்டு ஓடியது.

"அண்ணே, இப்பம் நெட்டு இருக்குல்லா, அனுப்பிருங்க."

"நெட்டு இல்லன்னு நாங்களே தவிச்சுக்கிட்டிருக்கோம். இந்த நேரத்துல நெட்டுல அனுப்பச் சொல்லுதியே, அறிவிருக்கா ஒனக்கு?"

இல்லைதான். இருந்திருந்தால் காலையிலேயே லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

வைஃபையைச் சேர்த்து மூன்றாம் முறை தயாரித்தார்கள். நாலு நாற்பதுக்குப் புதுக் கர்னலில் வைஃபை வந்தது. பதிவுப் பக்கம் கேப்டன் இசக்கியம்மாளின் போட்டோ கேட்டது. பெயர்ப் பட்டியலைத் தலைவர் கையில் கொடுத்துவிட்டு அவள் வீட்டுக்கு ஓடினேன். நான் திரும்பும்போது மணி நாலு ஐம்பத்தெட்டு. எல்லாம் அனுப்பி முடித்து மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"போட்டோ?"

"தேவையில்லன்னு விட்டுட்டோம். அது இல்லாமலே வாங்கிக்கிட்டு." தலைவர் டம்ளரைக் கீழே வைத்தார். "பட்டியலையும் கொறைச்சாச்சு. ஒரு நேரத்துல ஒருத்திதான ரெய்டு போறா? மத்தவ எல்லாம் சும்மாத்தான நிக்காளுவ? இசக்கிய மட்டும் வச்சுக்கிட்டோம். பேரு எழுதுத கட்டத்த காலியா விடக் கூடாதுன்னு அந்தப் பக்கம் சொல்லிச்சு. அதனால மிச்சம் பதினொண்ணுலயும் 'தேவையில்லை'ன்னு அடிச்சாச்சு. இனி டீமு பறக்கும் பாரு."

போட்டியன்று நடுவர் பட்டியலை வாசித்தார்.

"இசக்கியம்மாள்."

"வந்தாச்சு சார்."

"தேவையில்லை."

நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அதேதான் இருந்தது. நான் கையைத் தூக்கினேன். எனக்குப் பின்னால் பத்துக் கைகள் உயர்ந்தன.

"வந்தாச்சு சார்" என்றோம் பதினொரு பேரும்.

கயிற்றுக்கு வெளியே தலைவர் செயலாளரின் முதுகைத் தட்டினார். "பாத்தியாலே, ரெண்டே பேர்ல மொத்த டீமும் ஏறிட்டு."

துணைச் செயலாளர் தலையாட்டினார்.