எல்லா ஷிப்டிலும் வந்த வேதமாணிக்கம்

நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். வரிசை மாறினால் நிர்வாகம் அந்தச் சந்தில் நுழைந்து தப்பித்துக்கொள்ளும்.

முதல் அநியாயம், கல்லாங்காட்டுப்புதூர் மங்களவல்லி நூற்பாலையில் டீ இடைவேளையைப் பாதியாக்கினார்கள். டீயின் சூட்டைப் பாதியாக்கவில்லை. ஆகவே எல்லோர் நாக்கும் வெந்தது. இரண்டாவது, முகம் பார்த்து வருகை போட்டுக்கொண்டிருந்த டைம் கீப்பரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கேட்டில் ஒரு மெஷினை மாட்டினார்கள். அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு எரியும். மூன்றாவது, பச்சை விளக்கு எரிந்து உள்ளே போன ஆளையே அந்த மெஷின் சில நாள் 'வரவில்லை' என்றது. நான்காவது, ஸ்பின்னிங் பிரிவு மாராத்தாள் அறுந்த இழையை ஒட்டிக்கொண்டு நின்ற நாட்களில் எல்லாம் அவள் மில்லுக்கே வரவில்லை என்று சொல்லி, அவளுக்கு மெமோ கொடுத்தார்கள்.

சங்கம் கேட்டில் உட்கார்ந்தது. "மெஷின் பார்த்ததை மெஷினே எழுதிக் காட்டட்டும்" என்றோம். நிர்வாகம் ஒப்புக்கொண்டது. ஒரு மாதம் மெஷின் எழுதும். மாராத்தாள் ஒரே ஒரு நாள் வரவில்லை என்று அதில் இருந்தாலும் அவள் வேலை போய்விடும். இல்லாவிட்டால் மெமோ ரத்து. இதுவரை நியாயம்தான். ஐந்தாவது அநியாயம் என்னவென்றால், அந்தக் காரியத்தை மில்லின் கம்ப்யூட்டர் செக்ஷனிடம் ஒப்படைத்தார்கள்.

அங்கே மூன்று பேர். தலைவர் திருவேங்கடம், அவருக்குக் கீழே லோகிதாசன், அவருக்கும் கீழே அமுதவாணன். மூவரும் தங்கமானவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். கதவைத் தட்டிவிட்டு உள்ளே வாருங்கள் என்று மேனேஜர் கஜபதி ஒருமுறை சொன்னார். அன்றிலிருந்து திறந்து கிடக்கும் கதவைக்கூட இழுத்துச் சாத்தி, தட்டிவிட்டுத்தான் வருவார்கள்.

மென்பொருள் தனக்கு நடப்பதைத் தானே எழுதிவைக்கும் குறிப்புக்கு லாக் என்று பெயர். அதை எழுதவைக்க மூவருக்கும் தெரியாது. தெரியாததில் தப்பில்லை. மார்த்தாண்டத்தில் ஆ. வேதமாணிக்கம் என்று ஒரு மனிதர், அதற்கென்றே 'குறிப்பான்' என்று ஒரு நிரல் தொகுப்பை எழுதி, உலகத்துக்கே இலவசமாக இணையத்தில் வைத்திருந்தார். யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். தன் உழைப்பைப் பொதுவில் வைத்த மனிதர். எங்கள் சங்கத்திலேயே அப்படி ஒருவர் கிடையாது.

தொகுப்போடு கூட ஒரு பக்கத்துக்கு விதிமுறை இருந்தது. மூவரும் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"'இதை எங்கே கொண்டுபோனாலும் என் பெயரையும் கூடவே வையுங்கள்'னு போட்டிருக்குங்க," என்றார் லோகிதாசன்.

"எங்கேன்னா எங்கய்யா?"

"எங்கேன்னா எங்கேயும்தானுங்க. லாக்குல ஒவ்வொரு வரியும் குறிப்பான்தான் எழுதுது. அப்ப ஒவ்வொரு வரியிலயும் பேரு இருக்கோணும்."

"சும்மா குடுத்திருக்கான் மனுஷன். பேரைக்கூட வெக்காட்டி அப்பறம் நாமெல்லாம் எதுக்கு?" என்றார் திருவேங்கடம். அவர் கண் கலங்கியிருந்தது.

வரிக்கு வரி வேதமாணிக்கத்தின் பெயர் ஏறியது.

அடுத்த விதி: 'ரகசியங்களை லாக்கில் எழுதாதீர்கள். அந்த இடத்தில் நட்சத்திரம் போடுங்கள்.' வேதமாணிக்கம் மனதில் வைத்தது கடவுச்சொல்லை. இவர்கள் மனதுக்கு அது எட்டவில்லை.

"எதுங்க ரகசியம்?" என்று கேட்டார் அமுதவாணன்.

"ஊழியர் விவரம் அத்தனையும் ரகசியம்னு மேனேஜர் சொன்னாரே, சங்கத்துக்காரங்க போனஸ் கணக்கு கேட்டப்ப," என்றார் திருவேங்கடம்.

"அப்ப பேரு?"

"பேருதான்யா முதல் விவரம். நட்சத்திரம் போடு."

"கேண்டீன் மாஸ்டர் பேரு ஊருக்கே தெரியுமுங்களே?"

"ஊரு சொல்லட்டும். நாம சொல்லி வெளிய போகக்கூடாது."

நடப்பது ஒன்றுவிடாமல் எழுதவேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு. கேட் திறந்தது என்று எழுதினார்கள். அப்படி எழுதியதும் நடந்ததுதானே என்று, எழுதியதாக எழுதினார்கள். எழுதியதாக எழுதியதையும் விடவில்லை. முதல் நாள் சாப்பாட்டு மணி அடிக்குமுன் கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்துபோனது.

"ஆள் வர்றதை எழுதுங்கய்யா, போதும். வேற ஒரு எழுத்து எழுதக்கூடாது," என்றார் கஜபதி.

ஆகவே வருவதை மட்டும் எழுதினார்கள். போவதை எழுதவில்லை. அன்றிலிருந்து மங்களவல்லி மில்லுக்குள் போன ஒருவரும் வெளியே வந்ததாகக் கணக்கில்லை. எங்கள் தொழிலாளர் வாழ்க்கையை இவ்வளவு சரியாக வேறு யாரும் எழுதியதில்லை.

ஆபத்து என்றால் மேலதிகாரிக்கு உடனே போனில் செய்தி போகவேண்டும் என்றும் ஒரு விதி. எது ஆபத்து என்று ஒரு பகல் முழுக்க விவாதித்தார்கள். மில்லில் எல்லோரும் நடுங்குவது ஒரே ஒருவரைக் கண்டுதான் என்று முடிவானது. மறுநாள் கஜபதி கேட்டுக்குள் கால் வைத்ததும் அவர் போனுக்கே செய்தி வந்தது: 'ஆபத்து. மேனேஜர் உள்ளே வந்துவிட்டார்.' தினமும் வந்தது.

'குறை இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள்' என்பது கடைசி விதி. மூவரும் மனம்விட்டு எழுதினார்கள். செக்ஷனில் ஃபேன் சுற்றவில்லை, கேண்டீன் சாம்பாரில் உப்பில்லை. வேதமாணிக்கம் மரியாதையாகப் பதில் போட்டார்: 'ஐயா, விதிமுறையின் அடியில் பாருங்கள். எதற்கும் நான் பொறுப்பல்ல.' சாம்பாருக்கும் சேர்த்து முன்னாலேயே யோசித்து எழுதியிருக்கிறாரே என்று மூவரும் வியந்தார்கள்.

மாராத்தாளுக்கு அந்த மாதம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. ஷிப்ட் முடிந்தால் கம்ப்யூட்டர் செக்ஷன் ஜன்னலில் வந்து நிற்பாள்.

"சார், எம்பேரு வருதுங்களா?"

"வருதுக்கா. நட்சத்திரமா வருது," என்பார் அமுதவாணன்.

"பக்கத்துல நிக்கற பேச்சியக்கா பேரு?"

"அதுவும் நட்சத்திரம்தான். உங்களுதுக்கும் அதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லீங்க. பயப்படாதீங்க."

மாதம் முடிந்தது. விசாரணை அதிகாரியாக வக்கீல் நீலமேகம் வந்தார். மில் அமர்த்திய வக்கீல். விசாரணை என்று வந்தால் சாயங்காலத்துக்குள் யாரையாவது நீக்கிவிட்டுத்தான் காரில் ஏறுவார். லாக்கை அச்சடித்துக் கட்டாகக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் சாட்சிகள் எதிரில் படித்தார்.

"ஆள் வந்தார். பெயர், நட்சத்திரம். குறிப்பான், ஆ. வேதமாணிக்கம்." அடுத்த வரியும் அதுதான். அடுத்த பக்கமும் அதுதான்.

"மாராத்தாள் வரலைன்னு இதுல எங்கேயாவது இருக்கா?" என்று கேட்டார் நீலமேகம்.

"வராததை எழுதச் சொல்லலீங்க," என்றார் திருவேங்கடம்.

"அப்ப அந்தம்மா மேல குற்றம் நிக்காது. மெமோ ரத்து."

மாராத்தாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் வக்கீல் எழுந்திருக்கவில்லை.

"யாருய்யா இந்த வேதமாணிக்கம்? எல்லா ஷிப்டிலும் வந்திருக்கார். வெளிய போனதா ஒரு வரி இல்லை. இப்ப எங்கே?"

"மார்த்தாண்டத்துலங்க," என்றார் அமுதவாணன்.

"உள்ளே வந்துட்டு, சொல்லாம கொள்ளாம மார்த்தாண்டத்துக்குப் போயிட்டாரா?" வக்கீல் பேனாவைத் திறந்தார். "இதைவிட என்ன குற்றம் வேணும்?"

அது குறிப்பானை எழுதியவர் என்று சொல்ல லோகிதாசன் வாயெடுத்தார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார் வக்கீல். அவரும் அதன்படி நடந்தார்.

நான் எங்கள் சங்கத் தலைவர் காதில், "தோழர், நாம எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டாமா?" என்றேன்.

"நம்ம மெம்பர் இல்லையே," என்றார் அவர்.

"எந்த டிபார்ட்மெண்டுங்க அந்த மனுஷன்?" என்று மாராத்தாள் கேட்டாள். "பாவம், ஒரு நாளு லீவு எடுக்கலையாட்ட இருக்குது."

நீக்க உத்தரவை கேட்டில் சாட்சிகள் முன் உரக்கப் படிக்கவேண்டும் என்பது மங்களவல்லி வழக்கம். நிற்பவர்களுக்குப் பயம் வரவேண்டுமல்லவா? உத்தரவு கம்ப்யூட்டர் செக்ஷனில்தான் தயாரானது. லாக் வரிகளைப் போலவே அதுவும் கையோடு குறிப்பானுக்குள் போய் வந்தது. மாராத்தாளைச் சாட்சிகள் வரிசையில் நிறுத்தினார்கள். திருவேங்கடம் கேட்டை இழுத்துச் சாத்தி, தட்டிவிட்டு வெளியே வந்து, காகிதத்தை விரித்தார்.

"நீக்கப்படுபவர், ஆ. வேதமாணிக்கம்," என்று படித்தார். "நீக்கியவர், நட்சத்திரம்."

"என் பேரைப் படிய்யா," என்றார் கஜபதி.

"உங்க பேரு ரகசியமுங்க சார். நட்சத்திரத்துக்குப் பக்கத்துல ஒரே ஒரு பேருதான் இருக்குது."

"அதையாவது சத்தமாப் படி. நேரமாகுது."

திருவேங்கடம் தொண்டையைச் செருமிக்கொண்டு, சாட்சிகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் படித்தார்:

"நீக்கியவர், ஆ. வேதமாணிக்கம்."