பணியாரக் கூடையின் மஞ்சள் துணி

முன்னொரு காலத்தில் ஆற்றங்கரை நாடு ஒன்றில் மன்னருக்கு வயிறு வலித்தது. குடிமக்களுக்கு வலித்தால் கஷாயம் குடிப்பார்கள். மன்னருக்கு வலித்ததால் சட்டம் பிறந்தது.

வலி தொடங்குவதற்கு முந்தைய நாள் மன்னர் மாறுவேடத்தில் நகர்வலம் போயிருந்தார். படித்துறையில் அரியநாச்சி என்பவளிடம் பணியாரம் வாங்கித் தின்றிருந்தார். எட்டா ஒன்பதா என்று அவருக்கே நினைவில்லை. மடைப்பள்ளி அதிகாரி மாணிக்கராயர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அரண்மனைச் சமையல் முழுவதும் அவர் பொறுப்பு. அப்படியிருக்க மன்னர் வெளியே போய்த் தின்றுவிட்டு, "ஆகா, என்ன ருசி!" என்று சபையில் சொன்னது அவருக்கு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

"வேந்தே, தெருவில் சமைப்பவர்களுக்குத் தூய்மை தெரியாது. தெரியாதவர்களுக்குப் பயிற்சி வேண்டும். தேறியவர்களுக்கு மட்டும் உரிமை ஓலை தருவோம். ஓலை இல்லாத அடுப்பு எரியக் கூடாது. பயிற்சியை அடியேனே அளிக்கிறேன்" என்றார்.

மன்னர் அப்போது பின்கட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்தார். "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

முரசு அறைந்தார்கள். ஆப்பம் சுடுபவர்கள், மோர் விற்பவர்கள், சுண்டல்காரர்கள் எல்லாரும் மண்டபத்தில் கூடினார்கள். மாணிக்கராயர் தூய்மையைப் பற்றித் தாமே இயற்றிய நாற்பது செய்யுள்களை மூன்று நாள் ஓதினார். நான்காம் நாள் தேர்வு. நாற்பதையும் பிழையின்றி ஒப்பிக்க வேண்டும். மூன்று நாளும் அந்த மண்டபத்துக்குள் ஒரு குடம் தண்ணீர்கூட வரவில்லை.

தேறியவர் ஒரே ஒருவர். ஓய்வுபெற்ற அரண்மனைப் புலவர். வெயிலுக்கு ஒதுங்க வந்தவர். அவருக்குச் சமைக்கத் தெரியாது.

அரியநாச்சி ஏழு செய்யுள்வரை சொல்லி எட்டாவதில் நின்றுவிட்டாள். அன்று மாலையே காவலர்கள் வந்து அவள் அடுப்பில் தண்ணீரை ஊற்றினார்கள். கால் விழுந்த கணவனும் இரண்டு பெண்களும் அந்த ஓர் அடுப்பை நம்பித்தான் இருந்தார்கள்.

அரண்மனை விகடகவி சிற்றம்பலத்துக்குக் காலையில் பணியாரம் உள்ளே போகாவிட்டால் நகைச்சுவை வெளியே வராது. எட்டு நாள் பொறுத்துப் பார்த்தார். ஒன்பதாம் நாள் சபையில் எழுந்து நின்றார்.

"வேந்தே, ஒரு சந்தேகம். எட்டு நாளாகத் தெருவில் ஓர் அடுப்பும் எரியவில்லை. தாங்கள் அரண்மனை உணவைத் தவிர வேறெதையும் தொடவில்லை. வயிறு இப்போது எப்படி இருக்கிறது?"

மன்னர் முகத்தைச் சுளித்தார். "அப்படியேதான் இருக்கிறது."

"அது பழைய பணியாரத்தின் வேலை" என்றார் மாணிக்கராயர் சட்டென்று.

"இரண்டு வாரத்துக்கு முன் தின்றதா? அந்தப் பணியாரத்துக்கு அரண்மனையில் நிரந்தர உத்தியோகம் கிடைத்துவிட்டது போலிருக்கிறதே!" என்றார் சிற்றம்பலம்.

சபை சிரித்தது. மாணிக்கராயர் சிரிக்கவில்லை. "வேந்தே, அந்தப் பெண்ணின் கையில் அழுக்கு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அழுக்கு. கற்றவர்களுக்கு மட்டுமே அது புலப்படும்."

"கண்ணுக்குத் தெரியாதது அவள் கையில் மட்டும் உமக்கு எப்படித் தெரிந்தது?"

மாணிக்கராயர் ஒரு கணம் யோசித்தார். பிறகு அவர் முகத்தில் மெல்ல ஒரு மலர்ச்சி வந்தது. "வேந்தே, விகடகவி இதில் பெரிய வல்லவர் போலப் பேசுகிறார். கண்ணுக்குத் தெரியாத அழுக்கை அவரே சபையில் அனைவர் கண்ணுக்கும் காட்டட்டுமே. யார் கையில் இருக்கிறது, யார் கையில் இல்லை என்று தெரிந்துபோகும்."

வயிற்று வலிக்காரருக்கு வேடிக்கை என்றால் கொள்ளை ஆசை. மன்னர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்ல யோசனை! சிற்றம்பலம், நாளைக் காலை காட்டும். காட்டிவிட்டால் அவளுக்கு ஓலை. காட்டாவிட்டால் அவளும் நீரும் இந்த நாட்டை விட்டுப் போக வேண்டியதுதான்."

சிற்றம்பலம் படித்துறைக்கு நடந்தார். தன் வாய் தன்னை இழுத்துவிட்டது போதாது என்று அவளையும் இழுத்துவிட்டதே என்று நொந்துகொண்டார். அரியநாச்சி அணைந்த அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அருகில் ஒரு கூடை. வீட்டில் பெண்களுக்காகச் சுட்ட பணியாரம் கொஞ்சம் அதில் இருந்தது. மேலே மஞ்சளில் தோய்த்த துணி மூடியிருந்தது.

அவர் நடந்ததைச் சொன்னார். அவள் முகம் வாடியது.

"ஊரை விட்டா? அவரால எழுந்து நடக்கவே முடியாதே ஐயா. எங்கே தூக்கிட்டுப் போவேன்?"

கவலை வந்தால் அவருக்கு வெற்றிலை வேண்டும். மடியிலிருந்து எடுத்துச் சுண்ணாம்பு தடவிப் போட்டுக்கொண்டார். கவலை தீரவில்லை. கை தானாகவே கூடையை நோக்கிப் போய்த் துணியை விலக்கியது.

"ஐயா! கைய எடுங்க!"

அவர் திடுக்கிட்டுக் கையை இழுத்தார்.

"வெத்தலை போட்ட கையோட தொடுறீங்களே. செம்புல தண்ணி இருக்குல்ல? பாருங்க, துணியைச் செவப்பாக்கிட்டீங்க!"

அவர் பார்த்தார். மஞ்சள் துணியில் அவருடைய மூன்று விரல்களும் இரத்தச் சிவப்பாகப் பதிந்திருந்தன. தம் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவற்றில் ஒன்றும் தெரியவில்லை.

"இது என்னம்மா?"

"சுண்ணாம்பு பட்டா மஞ்சள் செவக்கும்ல? ஆரத்தி கரைக்கிறதில்லையா? எறும்பு வராதுன்னுதான் மஞ்சள்ல தோய்ச்சேன். அப்புறம் பார்த்தா, யார் கை கழுவாம கூடையில கை விட்டாங்கன்னு துணியே சொல்லிக் கொடுத்துடுது. நான் சண்டை போட வேண்டியதே இல்லை."

சிற்றம்பலம் அவளையே பார்த்தார். நாற்பது செய்யுளில் இல்லாத ஒன்றை இந்தப் பெண் ஒரு கூடைமேல் விரித்து வைத்திருந்தாள்.

"அரியநாச்சி, வீட்டில் இன்னும் எத்தனை முழம் துணி இருக்கிறது?"

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. நடுவில் ஓர் அண்டா நீர், கை தேய்க்க ஒரு கிண்ணம் அரப்புப் பொடி, ஒரு கிண்ணம் சாம்பல். பக்கத்தில் மடித்த மஞ்சள் துணிகள். ஓரமாகக் கூடையுடன் அரியநாச்சி. வந்தவர்கள் எல்லாரும் வழக்கம்போலத் தாம்பூலம் தரித்திருந்தார்கள்.

"மாணிக்கராயரே, தூய்மைப் பயிற்சியின் ஆசிரியர் தாங்கள். கை கழுவுவது எப்படி என்று எங்களுக்குச் செய்து காட்ட வேண்டும்" என்று சிற்றம்பலம் பணிவாகக் குனிந்தார்.

மாணிக்கராயர் பெருமிதத்துடன் வந்தார். வெள்ளிக் கிண்ணத்தில் நீர் மொண்டு, தூய்மைச் செய்யுள்களில் முதல் மூன்றையும் இழுத்து இழுத்துப் பாடினார். பாட்டு நீளமாக இருந்தது. கழுவியது நீளமாக இல்லை. விரல் நுனிகளை நீரில் ஒருமுறை நனைத்து எடுத்தார். சிற்றம்பலம் துணியை நீட்டினார். மாணிக்கராயர் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

சிற்றம்பலம் அதை விரித்து மன்னர் முன் பிடித்தார். மஞ்சள் நடுவே ஐந்து சிவப்பு விரல்கள்.

சபை எட்டிப் பார்த்தது.

"வேந்தே, கண்ணுக்குத் தெரியாத அழுக்கு. தாங்கள் கேட்டபடி, கண்ணுக்கே தெரிகிறது."

"இது அழுக்கல்ல! வெற்றிலைச் சுண்ணாம்பு!" என்று மாணிக்கராயர் கத்தினார்.

"ஆம் ஐயா, சுண்ணாம்புதான். கழுவிய பிறகும் அது விரலில் ஒட்டியிருக்கிறது. அதோடு வேறு என்னென்ன ஒட்டியிருக்கிறதோ! சுண்ணாம்புக்குத் தன்னைக் காட்டிக்கொடுக்கத் தெரியும். மற்றவற்றுக்குத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்."

மாணிக்கராயர் அரியநாச்சியைச் சுட்டிக்காட்டினார். "அவள் சுண்ணாம்பையே தொட்டிருக்க மாட்டாள். பிறகு எப்படிச் சிவக்கும்? இது மோசடி!"

"நியாயம்தான்" என்றார் மன்னர். "பெண்ணே, அதிகாரியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடு. இரண்டு கையிலும் நன்றாகப் பூசிக்கொள். பிறகு கழுவு."

அவள் பூசிக்கொண்டாள். அண்டாவின் அருகே குந்தி, கைநிறையச் சாம்பலை அள்ளினாள்.

அப்போதுதான் சிற்றம்பலத்துக்கு உறைத்தது. சாம்பலும் சுண்ணாம்பைப் போலத்தான், பட்டால் மஞ்சளைச் சிவக்க வைக்கும். அதை அவர் யோசிக்கவே இல்லை. சபைக்காக அந்தக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்ததும் அவரேதான். 'அரப்பை எடு தாயே, அரப்பை எடு' என்று மனதுக்குள் கெஞ்சினார். அவளுக்குக் கேட்கவில்லை. நகக்கண், விரல் இடுக்கு, மணிக்கட்டு என்று தேய்த்துக்கொண்டே போனாள். சபை காத்திருந்தது. ஒருவர் கொட்டாவி விட்டார். மாணிக்கராயர் பாடிய நேரத்தைப்போல் மும்மடங்கு ஆயிற்று.

பிறகு நீர் ஊற்றினாள். போதும் என்று நினைத்தார் சிற்றம்பலம். அவள் மறுபடி ஊற்றினாள். கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, மூன்றாம் முறையும் ஊற்றினாள்.

"எத்தனை தடவை ஊற்றுவாய்?" என்றார் மன்னர் பொறுமை இழந்து.

"சாம்பல் கையோட மாவத் தொட்டா பணியாரம் கசக்கும் மகாராசா. வழவழப்புப் போய்க் கை கிறீச்சுனு கத்தணும். அதுவரைக்கும் ஊத்தணும்."

துணியில் இரண்டு கையையும் அழுத்தித் துடைத்தாள். தானே விரித்துக் காட்டினாள்.

துணி மஞ்சளாகவே இருந்தது.

மன்னர் சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்தார். அவள் துணியைப் பார்த்தார். மாணிக்கராயரின் துணியைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "என் பாயசத்தில் தினமும் விரல் விட்டுச் சுவை பார்ப்பது யார்?"

மாணிக்கராயர் தரையைப் பார்த்தார்.

மன்னர் ஒரு புதுத் துணியை எடுத்தார். நடப்பதை உணர்ந்து யாரும் தடுப்பதற்குள், தம் கையை நீரில் நனைத்துத் துடைத்துவிட்டார். காலையில் அவரும் தாம்பூலம் தரித்தவர்தானே. மூன்று விரல்கள், பளிச்சென்று.

அரசர் கையில் அழுக்கு என்று சொல்லும் துணியை என்ன செய்வார்களோ என்று சிற்றம்பலம் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது ஒரு சிரிப்புக் கேட்டது. மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அது வலிக்கும் என்பதையும் மறந்து. "ஒன்பது நாள்! ஊர் அடுப்பையெல்லாம் அணைத்துவிட்டு, அழுக்கை என் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேனே!"

அன்றே சட்டம் மாறியது. ஓலை வேண்டுவோர் ஒப்பிக்க வேண்டாம். கழுவிக் காட்ட வேண்டும். ஒவ்வொரு கடையிலும் ஒரு மஞ்சள் துணி தொங்க வேண்டும். பயிற்சி படித்துறையில் நடக்கும், அரியநாச்சி நடத்துவாள். முதல் உரிமை ஓலை அவளுக்கு. முதல் மாணவர் மாணிக்கராயர். அவர் தேறும்வரை அரண்மனை அடுப்பும் எரியக் கூடாது.

"அதுவரை நான் எதைச் சாப்பிடுவது?" என்று மன்னர் தாமே கேட்டுக்கொண்டு, அரியநாச்சியின் கூடையைப் பார்த்தார். கை நீண்டது.

"கை, மகாராசா" என்றாள் அவள்.

மன்னர் அண்டாவுக்குப் போனார்.

திரும்பி வந்து நான்கு பணியாரம் தின்ற பிறகு, தோளில் கிடந்த பொன்சரிகைப் பட்டை எடுத்துச் சிற்றம்பலத்திடம் நீட்டினார். பட்டு நல்ல மஞ்சள் நிறம். சிற்றம்பலம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"ஏன்? பரிசு பிடிக்கவில்லையா?"

"பிடித்திருக்கிறது வேந்தே" என்றார் விகடகவி, அண்டாவை நோக்கி நகர்ந்தபடியே. "சற்றுப் பொறுங்கள். நானும் காலையில் வெற்றிலை போட்டேன்."