கூப்பிடாத சிப்

ஏரிக்கரைப் புதர்க்காட்டில் ஒரு நாய் பத்து நாளாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது. பெயர் லட்டு. தீபாவளி வெடிச் சத்தத்துக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடி வந்தது. ஓடிய ஓட்டத்தில் கழுத்துப்பட்டையும் அறுந்து விழுந்துவிட்டது.

அதே காட்டில் ஒரு பூனை இருந்தது. காது நுனி வெட்டுப்பட்டிருக்கும். அதனால் எல்லோருக்கும் அது மூளிதான்.

"ஏன்டி, இங்கேயே வேர் விட்டுட்டியா?" என்று மூளி கேட்டது.

"காத்திருக்கேன்! என் பிடரித் தோலுக்குக் கீழே சிப் இருக்கு. அரிசி அளவுதான். டாக்டர் ஊசி போட்டு வச்சார். நான் இருக்கிற இடத்தை அது வீட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். வந்துடுவாங்க!"

"பத்து நாளாவா சொல்லுது? உங்க வீட்ல எல்லாரும் செவிடா?"

லட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஆனால் பொழுது சாய்ந்தால் போதும், லட்டு வீட்டுக் கதையை ஆரம்பித்துவிடும். "அமுதினி ஸ்கூல்லேர்ந்து வந்ததும் சாக்ஸைக் கழட்டி என் மூக்கு மேல போடுவா. அவ அப்பா சோபாவில ஏறாதேன்னு அதட்டுவார். அம்மா குளிக்கப் போனதும் அவரே சோபாவைத் தட்டிக் கூப்பிடுவார்!" மூளி கொட்டாவி விடும். எழுந்து மட்டும் போகாது.

மழை பிடித்துக்கொண்டது. லட்டுவின் விலா எலும்பெல்லாம் தெரிந்தது. ஒருநாள் காலையில் விலங்குக் காப்பகத்து வேன் கரையில் வந்து நின்றது. லட்டு புதருக்குள் பாய்ந்து ஒளிந்தது.

"போடி, போய் நில்லு!" என்றது மூளி.

"மாட்டேன்! வீட்ல இருக்கிறவங்க இங்கே வரும்போது நான் இல்லாம போயிட்டா?"

"லூசு! என்னையும் ஒருதடவை பிடிச்சுட்டுப் போனாங்க. குட்டி போடாம ஆபரேஷன் பண்ணி, அடையாளத்துக்கு இந்தக் காதை வெட்டினது அங்கேதான். ஒரு மிஷினை என் முதுகுல ஓட்டினாங்க. சத்தமே வரலை. பக்கத்துக் கூண்டு நாய் மேல ஓட்டினதும் 'பீப்'னுச்சு. அதுல வந்த நம்பரை வச்சு வீட்டைக் கண்டுபிடிச்சாங்க. சாயங்காலமே ஆள் வந்துட்டாங்க. சிப் தானா யாரையும் கூப்பிடாதுடி. மிஷின் கேட்டாத்தான் பதில் சொல்லும்!"

"உனக்குப் பொறாமை!"

"ஆமா, பொறாமைதான். எனக்குச் சிப் வைக்க யார் இருக்கா?"

வேன் போய்விட்டது.

மறுநாள் சாயங்காலம் லட்டு கதையை ஆரம்பித்தது. பாதியில் நின்றது. "மூளி... அமுதினி வாசம் எனக்கு ஞாபகம் வரமாட்டேங்குது." மூளி தள்ளி உட்கார்ந்திருந்தது. நெருங்கி வந்து ஒட்டிப் படுத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் வேன் திரும்ப வந்தது. லட்டு எழுந்தது.

"நீயும் வாயேன்."

"எனக்கு என்ன வேலை அங்கே? போடி, வண்டி கிளம்பிடப் போகுது!"

லட்டு ஓடிப்போய் வேன் முன்னால் நின்றது. வண்டிக்காரர் அதன் பிடரியில் மிஷினை ஓட்டினார். பீப்! போன் போனது. அரை மணி நேரத்தில் ஓர் ஆட்டோ சேற்றை வாரி அடித்துக்கொண்டு வந்தது. அது நிற்பதற்குள்ளேயே அமுதினி குதித்துவிட்டாள். பாவம், அவளும் அப்பாவும் இத்தனை நாளும் வீட்டுப் பக்கத்தில், ரயில் தண்டவாளத்துக்கு அந்தப்பக்கமே தேடி அலைந்திருக்கிறார்கள். லட்டு அவள் மேல் விழுந்து, முகம், கை, பள்ளிக்கூடப் பை என்று ஒன்று விடாமல் நக்கியது.

அன்று பொழுது சாய்ந்தது. மூளி தனியாக உட்கார்ந்திருந்தது. கதை சொல்ல ஆளில்லை. கேட்காத மாதிரி கொட்டாவி விடவும் வழியில்லை.

நம்மைத் தேடுகிறவர்கள் வரட்டும் என்று ஒளிந்து கிடந்தால் யாருக்கும் தெரியாது. நாமே போய் முன்னால் நின்றால்தான் வீடு போய்ச் சேரலாம்.